ஷிப்ட் சோற்றுக்கு ஒரு மாலை

அம்மா மட்டும் அன்று காலையில் பசியாறும்போது கைப்பேசியைக் கீழே வைத்திருந்தால் நான் நெய்வேலியைப் பார்த்தே இருக்க மாட்டேன். மலேசியாவில், பட்டர்வொர்த்தில் எங்கள் வீட்டுச் சமையலறை. ஒரு கையில் ரொட்டி சானாய், மறு கையில் கைப்பேசி. அதை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "இந்தக் கெழவனுக்கு வந்த ஆசையப் பாரு! மக வயசுப் பிள்ளைக்கு மாலை போடுறான். கர்மம், கர்மம்!"

பார்த்தேன். பூச்சரம் கட்டிய ஒரு வேன். அதன் முன்னால் வெள்ளை வேட்டி சட்டையில் அறுபது வயதுக்காரர். தன் கழுத்தில் கிடந்த ரோஜா மாலையைக் கழற்றி, பட்டுப்புடவை கட்டிய ஓர் இளம்பெண்ணின் கழுத்தில் போடுகிறார். அவள் தலையைக் குனிந்து அழுகிறாள். சுற்றி நிற்பவர்கள் கை தட்டுகிறார்கள். அவ்வளவுதான், மொத்தமே பத்து விநாடி இருக்கும். பின்னணியில் ஓர் இந்திக் கல்யாணப் பாட்டு, கீழே மலாய் மொழியில் ஒரு நக்கல்.

காணொளிகள் எப்படிப் பரவுகின்றன என்று பார்ப்பதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. யாரிடமிருந்து யாருக்கு, எந்தக் குழுவிலிருந்து எந்தக் குழுவுக்கு என்று பின்னாலேயே போக வேண்டும். கணினித் திரையில் ஆட்களெல்லாம் புள்ளிகள், அனுப்பியதெல்லாம் கோடுகள். பல்கலைக்கழகத்தில் அந்தப் படத்தைக் காட்டினால் எல்லோரும் ஆகா என்பார்கள். எனக்கு மட்டும் உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும். இந்தப் புள்ளி சிரித்துக்கொண்டு அனுப்பியதா, எரிச்சலில் அனுப்பியதா? திரை அதைச் சொல்லாது. ஒரு தடவையாவது ஒரு காணொளி கிளம்பிய ஊருக்கே போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று வெகுநாளாக நமைச்சல்.

அம்மா காட்டிய காணொளியின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு கைப்பேசிக் கடையின் பெயரும் பண்ருட்டி என்ற ஊர்ப்பெயரும் இருந்தன. கடையைத் தேடிப் பிடித்து அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தான் ஒருவன். பெயர் பிரபு. நான் பாதி சொல்லும் முன்பே கொட்ட ஆரம்பித்துவிட்டான்.

"மேடம், அது கல்யாணமே இல்ல மேடம்! அது எங்க மாமா. பக்கத்துல நிக்கறது அவரு பொண்ணு செல்வி. நெய்வேலில மாமா ரிட்டயர் ஆன அன்னிக்கு எடுத்தது. எடுத்தது நான்தான், ஆனா வெளிய வுட்டது நான் இல்ல. அவ நம்ப மாட்டேங்கறா. எங்க ரெண்டு பேருக்கும் நிச்சயம் பண்ண வேண்டியது, அப்படியே நின்னு கெடக்குது. நீங்க இந்த வேலதான பாக்கறீங்க? யாரு வுட்டதுன்னு கண்டுபுடிச்சுச் சொல்லுங்க மேடம், உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

ஆராய்ச்சிக்கு இதைவிட நல்ல அழைப்பு எங்கே கிடைக்கும்? அடுத்த வாரமே கிளம்பிவிட்டேன்.

சென்னையிலிருந்து வந்த பேருந்தின் நடத்துநர் என்னை நெய்வேலி ஆர்ச் கேட்டில் இறக்கிவிட்டு, "உள்ள போனா டவுன்ஷிப்புதாம்மா" என்று கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். உள்ளே என்றால் இரண்டு தெரு தள்ளி என்று நினைத்துப் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தேன். ஆனி வெயில் மண்டையைப் பிளந்தது. சாலை போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. இரண்டு பக்கமும் மரம், மரத்தடியில் மாடு, மாட்டைத் தாண்டினால் இன்னொரு மரம். கடைசியில் ஓர் ஆட்டோக்காரர் இரக்கப்பட்டு ஏற்றிக்கொண்டார். "பெட்டியோட நடந்து போற ஆள இப்பதான் பாக்கறேன். வேண்டுதலா?" என்றார்.

குவார்ட்டர்ஸ் வீடுகள் எல்லாம் ஒரே அச்சு. எங்கள் ஊர்த் தோட்டத்து லயன் வீடுகள்தான் இப்படி வரிசையாக ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும். இங்கே நடுவில் மாமரமும் முருங்கையும் கூடுதல். ஆட்டோக்காரர் காட்டிய வாசலில் நுழைந்தேன். தோளில் துண்டு போட்ட ஓர் அம்மாள், "வாங்க வாங்க, உக்காருங்க" என்று காற்றாடியைப் போட்டார். யார், என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. காப்பி வந்தது. நானும் குடித்துவிட்டு, ஆராய்ச்சி விதிகளின்படி முறையாகத் தொடங்கினேன்: "உங்கள் மகளின் காணொளியைப் பற்றி உங்கள் சம்மதத்தோடு..."

"எனக்கு ரெண்டும் பசங்கதான்ங்க," என்றார் அந்த அம்மாள்.

என் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அடக் கடவுளே, நீங்க நடேசன் சார் வீட்டுக்கு வந்தவங்களா? அது பின்னாடி தெரு. பரவாயில்ல விடுங்க, எங்க வீட்டுக்காரரே ஒரு தடவை நைட் ஷிப்ட் முடிச்சிட்டுத் தூக்கக் கலக்கத்துல அவங்க வீட்டுக் கதவத் தட்டிக்கிட்டு நின்னாரு. நான்தான் போய்க் கூட்டிட்டு வந்தேன்."

அந்தத் தவறான வீட்டில்தான் எனக்குச் சரியான விளக்கம் கிடைத்தது. மாதக் கடைசியில் யாராவது ஒருவர் மைன்ஸிலிருந்து, அதாவது நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து, ஓய்வு பெறுவார். கூட வேலை செய்தவர்கள் மாலை போட்டு, வேனில் ஏற்றி, மேளமும் வெடியுமாக வீடுவரை கொண்டுவந்து விடுவார்கள். வாசலில் இறங்கியதும் அவர் அந்த மாலையைக் கழற்றி, இத்தனை வருடம் ஷிப்டுக்குச் சோறு கட்டிக் கொடுத்தவர் கழுத்தில் போட வேண்டும். இந்த வரிசையில் இது வழக்கம்.

"எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. புடவை எடுத்து வச்சிட்டேன்," என்றார் அந்த அம்மாள், ஏதோ தனக்கே பதவி உயர்வு வரப்போகிற மாதிரி. "நடேசன் சார் சம்சாரம் தவறிப்போச்சு. பொண்ணுதான் பதினஞ்சு பதினாறு வயசுலேர்ந்து கட்டிக் குடுக்குது. அதான் பொண்ணுக்குப் போட்டாரு. நாங்க எல்லாரும் அழுதுட்டோம். அதப் பாத்துட்டுக் கல்யாணம்னு எவனாவது நெனப்பானா?"

என்னைப் பெற்றவளே அப்படித்தான் நினைத்தாள். அதை அங்கே சொல்லத் துணிச்சல் வரவில்லை. காப்பிக்கு நன்றி சொல்லிவிட்டுப் பின்தெருவுக்கு நடந்தேன்.

நடேசன் ஐயா வீட்டில் சன்னல்கள் சாத்தியிருந்தன. கூடத்தில் கயிறு கட்டிய அட்டைப் பெட்டிகள். ஓய்வு பெற்றுவிட்டால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். பாத்திரம் பாதி பெட்டியில், பாதி அடுப்படியில். செல்விக்கு முப்பது வயது இருக்கும். மந்தாரக்குப்பம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். என்னை உட்கார வைத்துவிட்டு அவள் நின்றுகொண்டே பேசினாள்.

"யார் அனுப்புனாங்கன்னு கண்டுபிடிக்கத்தான் வந்தீங்களாக்கா? எனக்குத் தெரியும். ஓரத்துல பேரே போட்டிருக்கே."

"பெயர் இருந்தால் எடுத்தது அவர் என்றுதான் அர்த்தம். அனுப்பியதும் அவர் என்று அர்த்தமில்லை," என்றேன்.

"அந்த வீடியோ முழுசா மூணு பேர்கிட்டதான் இருந்துச்சு. என்கிட்ட, அப்பாகிட்ட, அவர்கிட்ட. நான் யாருக்கும் அனுப்பல. அப்பாவுக்குக் குட்மார்னிங் பூ அனுப்பறதத் தவிர வேற எதுவும் தெரியாது. அப்ப யாரு மிச்சம்? கணக்கு டீச்சர்கிட்ட வந்து கணக்குச் சொல்லாதீங்க." சொல்லிவிட்டு அவளே முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கடைசி பெஞ்ச் பசங்க அந்தப் பாட்ட மேசையில தட்றாங்கக்கா. நான் போர்டுல எழுதத் திரும்பினாப் போதும். கொஞ்ச நாள் லீவு போட்டுக்கம்மான்னு பிரின்சிபால் சொல்லிட்டாரு. அப்பா மாலை போட்டப்ப எனக்கு எங்கம்மா நெனப்பு வந்துச்சு. அதான் அழுதேன். அதுல போயி ஒரு பாட்டப் போட்டு..."

எத்தனையோ காணொளிகளை வெட்டி, ஒட்டி, எண்ணியிருக்கிறேன். அழுகிற ஆள் எதிரே நின்று பேசியது இதுதான் முதல் தடவை. எனக்கு வெட்கமாக இருந்தது.

மதியம் பலாக்கொட்டை போட்ட கருவாட்டுக் குழம்பு. எங்கள் ஊரிலும் நங்கா என்கிற பலாப்பழம் உண்டு, கருவாடும் உண்டு, இரண்டையும் ஒரே சட்டியில் போட வேண்டும் என்று இத்தனை காலமாக ஒருத்திக்கும் தோன்றவில்லையே என்று ஆற்றாமையாக இருந்தது. நான் மூன்றாம் முறை குழம்பு கேட்டபோதுதான் உள்ளறையிலிருந்து நடேசன் ஐயா வந்தார். ஒல்லியான மனிதர். ஓய்வு பெற்ற மறுவாரத்திலிருந்து அவர் வாசலைத் தாண்டவில்லை என்று செல்வி முன்பே சொல்லியிருந்தாள். தட்டில் கை வைத்தபடி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"உங்க ஊர்லயும் வந்துச்சாம்மா அது?"

"வந்துச்சு ஐயா."

பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

கை கழுவும்போது செல்வி சொன்னாள்: "வெள்ளிக்கிழமை எங்க அத்தை அவங்க புள்ளைக்கு வேற பொண்ணு பாக்கப் போறாங்களாம். கடலூர் பக்கம். போகட்டும்." அவள் குழாயை மூட மறந்து நின்றாள். நான்தான் மூடினேன்.

மறுநாள் பண்ருட்டிக்குப் பேருந்து. ஏறும்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். பயணிகளைவிடப் பலாப்பழங்கள் அதிகம். இருக்கைக்கு அடியில் பலா, படிக்கட்டருகே பலா, ஓட்டுநர் பக்கத்தில் ஒரு குண்டுப் பலா சொகுசாக உட்கார்ந்திருந்தது. ஒரு வளைவில் பின்னாலிருந்து உருண்டு வந்த ஒன்று என் காலில் மோதிச் செருப்பு வாரை அறுத்தது. பழத்துக்குச் சொந்தக்காரர் ஓடிவந்து பழத்தைத் தடவிப் பார்த்தார். என் காலை யாரும் பார்க்கவில்லை.

பாதி வழியில் டயர் வெடித்து வண்டி நின்றது. என்னால் ஓரிடத்தில் நிற்க முடியாது. சாலையில் அறுந்த செருப்போடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நடந்தேன். புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி கத்தினார்: "ஏம்மா, நீ நடந்துகினே இருந்தா டயரு மாட்டிக்குமா? இப்படி வந்து உக்காரு!" கையில் எண்ணெய் தடவிக்கொண்டு ஒரு பழத்தையே பிளந்துவிட்டார். முன்பின் தெரியாத நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சுளை தின்றோம். எங்கள் ஊரில் பேருந்து நின்றால் ஆளுக்கொரு கைப்பேசியை எடுத்துக் குனிந்துகொள்வார்கள். இங்கேயும் சிலர் எடுத்தார்கள்தான், ஆனால் சுளைப் பிசுபிசுப்பில் திரை வேலை செய்யவில்லை.

பிரபுவின் கடை ஒரு முந்திரி மண்டிக்குப் பக்கத்தில், ஒரு கட்டில் போடும் அகலத்தில் இருந்தது. ஆள் தாடி வளர்த்திருந்தான். "மொதல்ல என் போனப் பாருங்க," என்று கைப்பேசியை என்னிடம் கொடுத்துவிட்டுக் குற்றவாளி மாதிரி கைகட்டி நின்றான்.

மாமா வேனிலிருந்து இறங்கியது முதல் கடைசி வெடிவரை முழுசாக எடுத்திருந்தான். தன் ஸ்டேட்டஸில் போட்டபோது நீளம் கூடியதால் அது மூன்று துண்டாகிவிட்டது. நான் ஊரிலேயே பார்த்து வைத்திருந்தேன்: வடக்கே யாரோ நடத்தும் ஓர் இணையப் பக்கத்தில் இந்தக் காணொளியின் மிகப் பழைய பதிவு இருக்கிறது. பத்து விநாடிக் கல்யாணத்துக்கு முன்பாகவே வந்தது. அது துண்டு இல்லை, முழுசு. ஆக ஸ்டேட்டஸிலிருந்து யாரும் சுடவில்லை. முழுக் காணொளியைக் கையில் வைத்திருந்த யாரோ நேராக அனுப்பியிருக்கிறார்கள்.

"முழுசை யாருக்கு அனுப்பினீங்க?"

"செல்விக்கு. மாமாவுக்கு. வேற ஒரு ஈ, காக்காய்க்குக்கூட அனுப்பல."

"மாமா யாருக்காவது..."

"மாமாவா?" அவனுக்குக் கோபமே வந்துவிட்டது. "மேடம், அவரு தங்கமான மனுஷன். போன்ல சார்ஜு எறங்கினாலே பஸ் ஏறி என் கடைக்கு வந்துடுவாரு. அவருக்கு என்னா தெரியும்? அவரப்போயி சந்தேகப்படாதீங்க."

செல்வியும் இல்லை, மாமாவும் இல்லை, நானும் இல்லை என்று மூன்று பேருக்கும் அவனே சாட்சி சொன்னான். பிறகு காணொளி இறக்கை முளைத்தா போனது? வடக்கே அந்தப் பக்கத்தை நடத்துபவருக்கு நான் எழுதிய செய்திக்கு இன்னும் பதில் இல்லை. கிளம்பும்போது பிரபு ஒரு பொட்டலம் முந்திரிப்பருப்பைத் திணித்தான். "வெள்ளிக்கிழமை எங்கம்மா போனாப் போவட்டும் மேடம். நான் கடையத் தொறந்து வச்சிக்கினு இங்கியேதான் உக்காந்திருப்பேன்," என்றான்.

வியாழக்கிழமை முழுக்க அந்தப் பதிலுக்காகக் காத்திருந்தேன். காத்திருக்கிற வேலைக்கு நான் லாயக்கே இல்லை. விடுதி அறையில் இருப்புக் கொள்ளாமல் மந்தாரக்குப்பத்துக்குப் போய் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்தேன். எங்கள் ஊர்த் தே தாரேக்கும் இங்கத்து டீயும் ஒரே உயரத்திலிருந்துதான் ஆற்றப்படுகின்றன. ஆனால் இங்கே ஒரே மடக்கில் முடிந்துபோகிற சின்னத் தம்ளர். கான்ட்ராக்ட் வேலைக்கு வந்த வடக்கத்தி ஆட்கள் நான்கைந்து பேர் இந்தியில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்த மாஸ்டர் நான் கேட்காமலே மொழிபெயர்த்தார்: "சோத்துல உப்பு கம்மின்னு ஒருத்தன் சொல்றான். உன் பொண்டாட்டிய இங்க வரச் சொல்லு, அவதான் சரியாப் போடுவான்னு இன்னொருத்தன் சொல்றான்."

அவர்களில் தமிழ் கொஞ்சம் தெரிந்தவர் ராஜேஷ். காணொளியைக் காட்டி, இதைப் பார்த்தால் என்ன தோன்றுகிறது என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. "ஷாதி. கல்யாணம். ஆம்பள மாலை போட்டுச்சு, பொம்பள அழுவுது, ஆளுங்க கை தட்டுது. வேற என்ன?" மைன்ஸில் வேலை பார்த்தும் இந்த வழக்கம் அவருக்குத் தெரியாது. மேளமும் வேனும் பர்மனென்ட் ஆட்களுக்குத்தான். கான்ட்ராக்ட் ஆளை யார் ஊர்வலமாக வீட்டில் விடப்போகிறார்கள்?

அப்போதுதான் என் கைப்பேசி அலறியது. வடக்கேயிருந்து அழைப்பு. பக்கத்தை நடத்துபவரின் மாமனார், வயதான குரல். எனக்கு இந்தி வராது. ராஜேஷைக் கையெடுத்துக் கும்பிட்டு, ஒலியைக் கூட்டி நடுவில் வைத்தேன். மாஸ்டரும் பஜ்ஜியை விட்டுவிட்டு வந்து நின்றார். காணொளியில் இருப்பவர் நெய்வேலிக்காரர் என்று மட்டும் அவர்களிடம் சொன்னேன், பெயரைச் சொல்லவில்லை.

ராஜேஷ் சொல்லச் சொல்லக் கேட்டேன். பெரியவர் போன வருடம் காசிக்குப் போனாராம். அங்கே ஒரே சத்திரத்தில் ஒரு மதராஸி அண்ணன் தங்கியிருந்தார். மனைவிக்குத் திதி கொடுக்க வந்தவர். அவருக்கு இந்தி தெரியாது, இவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் எல்லோருக்கும் முறுக்கு கொடுத்தார். ரொம்ப நல்ல மனிதர். ஊர் திரும்பியதும் எல்லோரையும் சேர்த்து ஒரு குழு வைத்துக்கொண்டார்கள். திடீரென்று ஒருநாள் அந்த அண்ணன் இந்தக் காணொளியை அனுப்பினார். கூடவே ஒரு கைகூப்பு. ஓர் எழுத்துக்கூட எழுதவில்லை.

"இவரு கேட்டுச்சாம், 'அண்ணா, மறுபடி கல்யாணமா?'ன்னு. அந்த அண்ணன் கை கூப்பிச்சாம். எல்லாரும் வாழ்த்து போட்டாங்க, பூ போட்டாங்க. அவரு ஒவ்வொரு ஆளுக்கும் கை கூப்பிச்சாம்." ராஜேஷ் மூச்சு வாங்கிக்கொண்டார். "இவரு மருமகன் மொதல்ல முழுசா போட்டுச்சு. யாரும் பாக்கல. அப்பறம் வெட்டி, பாட்டு வச்சுப் போட்டுச்சு. அண்ணனுக்கு சந்தோஷம்தானேன்னு கேக்குது."

அது அவருடைய மகள், அது பணி ஓய்வு என்று சொல்லச் சொன்னேன். மறுமுனையில் "ஹே ராம், ஹே ராம்" என்ற குரல் மட்டும். அதை ராஜேஷ் மொழிபெயர்க்கவில்லை.

கண்டுபிடித்துவிட்டேன். துள்ளிக் குதிக்க வேண்டியவள் நான். மாஸ்டர் கொடுத்த பஜ்ஜியை ராஜேஷ் பக்கம் தள்ளி வைத்தேன். பேசியவர்கள் யார் பெயரையும் யாரிடமும் சொல்வதில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். செல்வியிடம் போய்ப் பிரபு இல்லை என்றால், பின்னே யார் என்று கேட்பாள். மூன்றில் இரண்டைக் கழித்தால் மிச்சம் என்னவென்று அவளுக்கா தெரியாது? சொல்லாவிட்டால் நாளைக் காலை அத்தை கடலூருக்குக் கிளம்பிவிடுவார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக அந்தத் தெருவில் போய் நின்றேன். இந்தத் தடவை வீடு தப்பவில்லை. செல்வி அடுப்படியில் பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். "பசியாறிட்டீங்களா?" என்று எங்கள் ஊர் வழக்கத்தில் கேட்டேன். "அப்படின்னா?" என்று கேட்டு, புரிந்துகொண்டு, இட்லி வைக்கப் போனாள். நடேசன் ஐயா கூடத்தில் ஓர் அட்டைப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்துப் பெட்டியில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, "காசிக் குழுவில் இருந்த பெரியவரிடம் பேசினேன் ஐயா," என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. அடுப்படிப் பக்கம் பார்த்தார்.

"அன்னிக்கு சாயந்திரமே என்னை ஷிப்ட் குரூப்புலேர்ந்து எடுத்துட்டானுங்கம்மா," என்றார் மெதுவாக. "ரிட்டயர் ஆனா எடுத்துடுவாங்க, அதான் வழக்கம். தப்பு சொல்லல. ஆனா வூட்டுக்கு வந்து மாலை வாடறதுக்குள்ள எடுத்துட்டாங்க. வீடியோவப் பாத்துகினே இருந்தேன். எம் பொண்ணு எப்படி நிக்கறா பாருன்னு யாருக்காச்சும் காட்டணும்போல இருந்துச்சு. யாரு இருக்காங்க? காசி குரூப்பு ஒண்ணுதான் மிச்சம். அனுப்பிட்டேன். அவங்க ஹிந்தில என்னமோ போட்டாங்க, மேளப் படம், பூப் படம். ரிட்டயர்மென்டுக்கு வாழ்த்தறாங்கன்னு நெனச்சிக்கினு எல்லாருக்கும் கும்பிடு போட்டேன்."

"அப்புறம்?"

"பாட்டோட திரும்பி வந்தப்பதான் தெரிஞ்சுது. அதுக்குள்ள அவ பிரபுவப் புடிச்சிக் கத்திகினு இருக்கா. அந்த நிமிஷம் வாயத் தொறந்திருக்கணும். தொறக்கல. மறுநாள் சொல்லலாம்னு இருந்தேன். ஒரு நாள் தள்ளிப்போனா அடுத்த நாள் இன்னும் கஷ்டமா இருக்கும்மா." கண்ணிலிருந்து நீர் வழிந்தது, துடைக்கவில்லை. "எம் பொண்ண நானே சந்தி சிரிக்க வச்சிட்டேன். அந்தப் பையனையும் கெடுத்துட்டேன்."

"நான் செல்வியிடம் சொல்ல மாட்டேன் ஐயா. சொல்லக் கூடாது. நீங்கதான் சொல்ல வேண்டும்."

"மூஞ்சப் பாத்துச் சொல்ல முடியாது." திடீரென்று எழுந்தார். உள்ளே போய் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். "மேடம், என் போன்ல ஒரு வீடியோ எடுத்துக் குடுங்க."

சாத்தியிருந்த கதவைத் திறந்து, வாசலுக்கு இறங்கி, மாலை போட்ட அதே இடத்தில் போய் நின்றார். எதிர்வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "என்னா சார், நல்லாருக்கீங்களா?" என்றாள். அவரும் தலையை ஆட்டினார். அவர் கைப்பேசியை உயர்த்திப் பிடித்தேன். அவர் குரல் நடுங்கவில்லை.

"நான் நடேசன். மைன்ஸ்ல கன்வேயர் செக்‌ஷன்ல இருந்து ரிட்டயர் ஆனவன். அந்த வீடியோல மாலை போட்டுகினு நிக்கறது எம் பொண்ணு செல்வி. அவ அம்மா போனதுலேர்ந்து எனக்கு ஷிப்டுக்குச் சோறு கட்டிக் குடுத்தவ. பர்ஸ்ட் ஷிப்டுன்னா கோழி கூவறதுக்கு முன்ன எழுந்துக்குவா, அப்புறம்தான் ஸ்கூலுக்குப் போவா. அதுக்குத்தான் மாலை. அந்த வீடியோவ வெளிய அனுப்பினது நான். பிரபு இல்ல. பெருமையில அனுப்பிட்டேன். பயத்துல மறைச்சிட்டேன். செல்வி, என்ன மன்னிச்சிடும்மா."

கைப்பேசியை வாங்கிக்கொண்டு, "இது அது மாதிரி பரவுமா மேடம்?" என்று கேட்டார்.

பொய் சொல்ல மனம் வரவில்லை. இத்தனை வருடம் இதைத்தானே பார்க்கிறேன். "பரவாது ஐயா. விளக்கம் சொல்லும் காணொளியை யாரும் அனுப்ப மாட்டார்கள்."

"பரவ வேணாம். அடுப்படி வரைக்கும் போனாப் போதும்," என்றார். கட்டைவிரலால் தேடி, மகளின் பெயரைத் தொட்டு, அனுப்பினார். யாருடைய உதவியும் அவருக்குத் தேவைப்படவில்லை.

உள்ளே டிங் என்றது. செய்தித்தாள் சுற்றும் சத்தம் நின்றது. அவருடைய குரல் அடுப்படியிலிருந்து எங்களுக்கே கேட்டது: நான் நடேசன், மைன்ஸ்ல... முடிந்தது. மறுபடி முதலிலிருந்து ஓடியது. நாங்கள் இருவரும் வாசலில் நின்றோம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, ஆனால் கால் நகரவும் இல்லை.

செல்வி வந்தாள். கண் மூக்கெல்லாம் சிவந்திருந்தது. என்னைப் பார்க்கவே இல்லை. "என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம்லப்பா. நான் என்ன உங்கள அடிச்சிருவனா?" என்றாள். பிறகு குரல் உடைந்து, "அந்த மனுஷன என்னென்ன சொல்லிட்டேன்" என்று தலையில் கைவைத்துக்கொண்டாள்.

அவர் தலை நிமிராமல் வாசற்படியில் உட்கார்ந்தார். அவளும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இத அவருக்கும் அனுப்புங்க. அத்தைக்கும் அனுப்புங்க. அவங்க பஸ் ஏறிடப் போறாங்க."

நடேசன் ஐயா கைப்பேசியை அவள் பக்கம் நீட்டினார். "எங்க அழுத்தணும்? நீயே அனுப்பிடேன்."

செல்வி வாங்கவில்லை. புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அழுகையும் சிரிப்புமாக அவரைப் பார்த்தாள்.

"நடிக்காதீங்கப்பா. எங்க அழுத்தணும்னு உங்களுக்கு நல்லாத் தெரியும்."

அவர் அழுத்தினார்.